ஸ்லாஷ் கார்டு: முதலில் தடித்த கம்பிகளைக் கவனியுங்கள்

கிட்டாரில் ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் என்று சில கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) எல்லாம் கைக்கு வந்துவிட்டன. தைரியமாக ஒரு பாட்டின் கார்டு ஷீட்டைத் திறந்தால், இரண்டாவது வரியிலேயே ‘டி/எஃப் ஷார்ப்’ என்று இருக்கிறது. கிட்டார் கற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முதல்முறை திகைத்து நிற்கிறார்கள். நான் பாளையங்கோட்டையில் மாலை வேளைகளில் வீட்டில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரில் வாசிக்கிறேன். கொயருக்கு வரும் ஷீட்டுகளில் இந்தக் கோடு போட்ட கார்டு, அதாவது ஸ்லாஷ் கார்டு, இல்லாத பாட்டு அபூர்வம். அதனால் “அண்ணே, இது ரெண்டு கார்டா, ஒரு கார்டா? எதை அடிக்கணும்?” என்ற கேள்விக்கு அடிக்கடி பதில் சொல்லிப் பழகிவிட்டது.

ஒரு கார்டுதான். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கார்டு. வலப்பக்கம் இருப்பது ஒரே ஒரு ஸ்வரம், அதாவது பேஸ் நோட். கார்டு ஒலிக்கும்போது மற்ற எல்லாவற்றுக்கும் கீழே, ஆகத் தாழ்ந்த ஒலியாக அது கேட்க வேண்டும். டி/எஃப் ஷார்ப் என்றால் மேலே டி மேஜர், அடியில் எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப் என்ற கார்டுக்கு இங்கே வேலையே இல்லை.

எதற்காக இந்தச் சுற்று? ஜி, டி, ஈ மைனர் என்று மூன்று கார்டை வரிசையாக வாசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் தாழ்ந்த ஸ்வரத்தை மட்டும் கவனித்தால் ஜி, டி, ஈ என்று குதித்துக் குதித்துப் போகும். நடுவில் டி-க்குப் பதில் டி/எஃப் ஷார்ப் போடுங்கள். இப்போது அடியில் ஜி, எஃப் ஷார்ப், ஈ என்று படிப்படியாக இறங்குகிறது. மேலே கார்டுகள் மாறவில்லை, ஆனால் பாட்டு ஒரு திசையில் நகர்கிறது. ஸ்லாஷ் கார்டின் பயன் முக்கால்வாசி இதுதான். ஆகவே என் மாணவர்களுக்கு நான் இதைப் புது வடிவங்களின் பட்டியலாகக் கொடுப்பதில்லை. இணையத்தில் ‘எல்லா ஸ்லாஷ் கார்டுகளும் ஒரே படத்தில்’ என்று சுற்றும் அட்டவணையை மனப்பாடம் செய்பவர்களுக்கு, பாட்டில் அது வரும்போது கை வராது. முன்னால் வரும் கார்டு, ஸ்லாஷ் கார்டு, பின்னால் வரும் கார்டு என மூன்றையும் சேர்த்தே பழகுங்கள்.

கீழே கார்டுகளை எண்களாக எழுதுகிறேன். தடித்த 6-ஆம் கம்பியிலிருந்து மெல்லிய 1-ஆம் கம்பி வரை வரிசையாக ஃப்ரெட் எண்கள் (ஃப்ரெட் என்பது நெக்கில் உலோகக் கோடுகளுக்கு இடையே விரல் அழுத்தும் கட்டம்). 0 என்றால் எங்கும் அழுத்தாத ஓப்பன் கம்பி. × என்றால் அந்தக் கம்பி ஒலிக்கக் கூடாது. சாதாரண டி மேஜர் × × 0 2 3 2.

தெரிந்திருக்க வேண்டிய ஸ்வரங்கள் கொஞ்சம்தான். 6-ஆம் கம்பி ஓப்பனில் ஈ, முதல் ஃப்ரெட்டில் எஃப், இரண்டில் எஃப் ஷார்ப், மூன்றில் ஜி. 5-ஆம் கம்பி ஓப்பனில் ஏ, இரண்டாம் ஃப்ரெட்டில் பி, மூன்றில் சி, நான்கில் சி ஷார்ப். 4-ஆம் கம்பி ஓப்பனில் டி, இரண்டில் ஈ, மூன்றில் எஃப். கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள எழுத்தைப் பார்த்ததும் விரல் எந்தக் கம்பிக்குப் போக வேண்டும் என்று தெரிய இது போதும்.

விரலே மாற்றாமல் கிடைப்பவை

சில ஸ்லாஷ் கார்டுகள் உங்களிடம் இப்போதே இருக்கின்றன. டி மேஜரைப் பிடித்துக்கொண்டு 4-ஆம் கம்பிக்குப் பதில் 5-ஆம் கம்பியிலிருந்து அடியுங்கள்: × 0 0 2 3 2. அது டி/ஏ. ஏ மைனரைப் பிடித்து 6-ஆம் கம்பியிலிருந்து அடித்தால் ஏ மைனர்/ஈ. சி மேஜரை அப்படியே 6-ஆம் கம்பியிலிருந்து அடித்தால் 0 3 2 0 1 0, அது சி/ஈ.

இந்த சி/ஈ ஒரு வேடிக்கை. சி வாசிக்கும்போது தடித்த கம்பியையும் சேர்த்து அடித்துவிட்டு மாஸ்டரிடம் திட்டு வாங்காத மாணவர் உண்டா? அங்கே ஒலிக்கும் ஈ தப்பான ஸ்வரம் இல்லை, சி மேஜருக்குள் இருக்கிற ஸ்வரம்தான். ஆனால் அது அடியில் வந்து உட்கார்ந்ததும் கார்டு காலூன்றி நிற்காமல் அடுத்த இடத்துக்குப் போகத் துடிக்கிறது. பாட்டு முடிகிற இடத்தில் சி/ஈ அடித்தால் அந்தரத்தில் விட்டது போல இருக்கும். அதையே எஃப் கார்டுக்கு முன்னால் போட்டுப் பாருங்கள், ஈ-யிலிருந்து எஃப்-க்கு அரைப் படி ஏறி அழகாகப் போய்ச் சேரும். அதே 6-ஆம் கம்பியை டி மேஜரோடு சேர்த்து அடித்தால் கதை வேறு. டி மேஜருக்குள் ஈ கிடையாது, அடியில் கலங்கலாகத்தான் கேட்கும்.

முதல் வாரம் முழுக்க இந்த இலவச கார்டுகளோடு இருங்கள் என்பேன். சி அடித்து நிறுத்துங்கள், அப்புறம் சி/ஈ. டி அடித்து நிறுத்துங்கள், அப்புறம் டி/ஏ. வித்தியாசம் காதுக்குப் பிடிபட்டுவிட்டால் பிறகு விரல் எவ்வளவு வலித்தாலும் எதற்காக வலிக்கிறது என்று தெரியும். காதுக்குப் பிடிபடாவிட்டால் டி/எஃப் ஷார்ப் என்பது வெறும் விரல் தண்டனை.

ஒன்று சொல்ல மறந்தேன். கற்றுக்கொள்ளும் பாட்டை மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிட்டாரின் 6-ஆம் கம்பி ஓப்பனில் சுமார் 82 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கர் சரியாகக் கொடுக்காது. சுமாரான இயர்போன் இருந்தாலே போதும், பேஸ் எங்கே இறங்குகிறது என்று கேட்டுவிடலாம்.

ஜி/பி

விரல் மாற்றிப் பிடிக்கும் கார்டுகளில் முதலில் இதைத்தான் கொடுப்பேன். சி, ஜி/பி, ஏ மைனர் என்று வாசியுங்கள். அடியில் சி, பி, ஏ. மூன்றுமே 5-ஆம் கம்பியில், 3, 2, 0 என்று இறங்குகின்றன.

பிடிக்கும் முறை × 2 0 0 0 3. நடுவிரல் 5-ஆம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், சுண்டு விரல் 1-ஆம் கம்பி மூன்றாம் ஃப்ரெட். சி-யில் நடுவிரல் 4-ஆம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் இருந்தது, அது பக்கத்துக் கம்பிக்கு நகர்ந்தால் போதும். ஃப்ரெட்கூட மாறவில்லை. சிலர் × 2 0 0 3 3 என்று பிடிப்பார்கள், மோதிர விரல் 2-ஆம் கம்பிக்கும் சுண்டு விரல் 1-ஆம் கம்பிக்கும். அது இன்னும் பளிச்சென்று ஒலிக்கும். எது கைக்கு வருகிறதோ அதைப் பிடியுங்கள்.

பாட்டு வேகமாக ஓடும்போது இன்னொரு வழியும் உண்டு. சி-யில் 2-ஆம் கம்பியில் இருக்கும் ஆள்காட்டி விரலை எடுக்காமலே நடுவிரலை மட்டும் நகர்த்தி × 2 0 0 1 0 என்று அடித்துவிட்டு ஏ மைனருக்குப் போய்விடுவது. கணக்குப்படி இது சுத்தமான ஜி/பி இல்லை. ஒரே ஒரு தட்டு இருந்துவிட்டுக் கடந்துபோகிற கார்டு என்பதால் உறுத்தாது. அதிலேயே நிற்கிற பாட்டென்றால் சரியான ஜி/பி-யைப் பிடியுங்கள்.

டி/எஃப் ஷார்ப்

எல்லோரையும் பயமுறுத்துவது இதுதான். எல்லோருக்கும் தேவைப்படுவதும் இதுதான், ஏனென்றால் ஜி ஸ்கேலில் வரும் பாட்டுகளில் இது திரும்பத் திரும்ப வரும்.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் கொடுப்பது 2 × 0 2 3 ×. நடுவிரல் 6-ஆம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் 3-ஆம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் 2-ஆம் கம்பி மூன்றாம் ஃப்ரெட். 1-ஆம் கம்பியை விட்டுவிடுங்கள். டி கார்டின் மூன்று ஸ்வரங்கள் டி, எஃப் ஷார்ப், ஏ. எஃப் ஷார்ப்பை நடுவிரல் ஏற்கெனவே அடியில் பிடித்திருக்கிறது. ஆகவே 1-ஆம் கம்பியில் அதே எஃப் ஷார்ப் இல்லாமல் போனால் நஷ்டம் எதுவும் இல்லை.

இது சுலபமாக வர, ஜி-யைப் பிடிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். 6-ஆம் கம்பிக்கு மோதிர விரல், 5-ஆம் கம்பிக்கு நடுவிரல், 1-ஆம் கம்பிக்குச் சுண்டு விரல். இப்படிப் பிடித்தால் ஜி-யிலிருந்து டி/எஃப் ஷார்ப் வரும்போது நடுவிரல் இரண்டாம் ஃப்ரெட்டிலேயே 5-ஆம் கம்பியிலிருந்து 6-ஆம் கம்பிக்குத் தாவுகிறது. அடுத்து ஈ மைனருக்குப் போகும்போது மறுபடி 5-ஆம் கம்பிக்கே வந்துவிடும், பக்கத்தில் 4-ஆம் கம்பிக்கு மோதிர விரல். நடுவிரல் இந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே போய்வருவதைத் தவிர வேறு எங்கும் போவதில்லை. மற்ற விரல்களை மறந்துவிட்டு இந்த ஒரு அசைவை மட்டும் முதலில் பழகுங்கள்.

5-ஆம் கம்பிக்கு × போட்டிருக்கிறேன். அதை மியூட் செய்ய இன்னொரு விரல் தேட வேண்டாம். 6-ஆம் கம்பியை அழுத்தும் நடுவிரலைக் கொஞ்சம் சாய்த்தால் விரல் நுனிக்குக் கீழே உள்ள சதை 5-ஆம் கம்பியில் லேசாகப் படும். பட்டால் போதும், அழுத்தக் கூடாது. படாமல் அந்த ஏ ஒலித்துவிட்டால்? ஏ என்பது டி மேஜருக்குள் இருக்கும் ஸ்வரம்தான், பாட்டு கெட்டுப்போகாது. மியூட் செய்தால் பேஸ் தெளிவாகக் கேட்கும், அவ்வளவே.

ஆறு மாதம் கழித்து முழு டி வேண்டும் என்று தோன்றினால் 2 × 0 2 3 2-க்குப் போகலாம். ஆள்காட்டி 6-ஆம் கம்பி, நடுவிரல் 3-ஆம் கம்பி, சுண்டு விரல் 2-ஆம் கம்பி, மோதிர விரல் 1-ஆம் கம்பி.

மூன்றாவது வழி, கட்டைவிரலை நெக்குக்கு மேலாக வளைத்து 6-ஆம் கம்பியைப் பிடிப்பது. வழக்கமான டி-யை மற்ற விரல்கள் பிடித்திருக்கும், கட்டைவிரல் வந்து எஃப் ஷார்ப்பைச் சேர்க்கும். கிளாசிக்கல் முறையில் கற்றவர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டைவிரலை இப்படி வைத்துத்தான் பெரும்பாலும் வாசித்தார், அதனால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கை அளவும் கிட்டாரும் ஒத்துழைக்க வேண்டும், அதுதான் விஷயம். ஸ்டீல் கம்பி அகௌஸ்டிக்கில் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தாங்கி நிற்கும் கட்டை) பக்கத்தில் நெக் அகலம் பெரும்பாலும் 43, 44 மில்லிமீட்டர் இருக்கும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் அது 52 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். வீட்டில் இருப்பது கிளாசிக்கல் என்றால் கட்டைவிரல் வழியை விட்டுவிடுங்கள். கை சிறிதாக உள்ள பிள்ளைகளையும் இதற்காக வருத்த வேண்டாம். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

அடிக்கும் கை

இடது கையைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் ஸ்லாஷ் கார்டு கெட்டுப்போவது பாதிக்குமேல் வலது கையில்தான். அழகாக ஜி/பி பிடித்துவிட்டு, பிக்கை 4-ஆம் கம்பியிலிருந்து இழுத்தால் அடியில் பி ஒலிக்கவே ஒலிக்காது. அடியில் டி தான் கேட்கும். டி/எஃப் ஷார்ப்பிலும் அப்படித்தான், 6-ஆம் கம்பியைத் தொடாவிட்டால் பட்ட பாடு வீண்.

அதனால் பழகும்போது முழு ஸ்ட்ரம் வேண்டாம். நான்கு தட்டில் முதல் தட்டுக்குப் பேஸ் கம்பியை மட்டும் தனியாக அடியுங்கள். மிச்சம் மூன்று தட்டுக்கு மெல்லிய கம்பிகளைக் கீழ்நோக்கி மட்டும் ஸ்ட்ரம் செய்யுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள். முதல் தட்டு குறி தவறாமல் விழுகிற வரைக்கும் மேலும் கீழுமான ஸ்ட்ரம்மிங் பக்கமே போகாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. கார்டு எதையும் பிடிக்காமல், பாட்டின் பேஸ் ஸ்வரங்களை மட்டும் ஒரு விரலால் வாசித்துப் போங்கள். ஷீட்டில் ஸ்லாஷ் இருந்தால் வலப்பக்க எழுத்து, இல்லாவிட்டால் கார்டின் பெயரே பேஸ். கூடவே வாயால் முணுமுணுங்கள். என்னிடம் வரும் கல்லூரிப் பையன்களுக்கு இது பிடிக்காது, சின்னப்பிள்ளை வேலை என்பார்கள். ஆனால் இதைச் செய்தவர்கள் பாதி நேரத்தில் கார்டு மாற்றுகிறார்கள், ஏனென்றால் கை போக வேண்டிய இடம் காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

எட்டு கார்டுகளில் ஒரு இறக்கம்

இது வரைக்கும் வந்தவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி: சி, ஜி/பி, ஏ மைனர், ஏ மைனர்/ஜி, எஃப், சி/ஈ, டி மைனர், ஜி. பேஸை மட்டும் படித்துப் பாருங்கள்: சி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி, கடைசியில் ஜி. சி ஸ்கேல் அப்படியே தலைகீழாக இறங்குகிறது. எத்தனையோ பாட்டுகளுக்கு அடியில் இந்த இறக்கம், முழுதாகவோ பாதியாகவோ ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் இரண்டு இடங்களில் யோசிக்க வேண்டும். ஒன்று ஏ மைனர்/ஜி. முறைப்படி 3 × 2 2 1 0. ஏ மைனரைப் பிடித்தபடியே சுண்டு விரலை 6-ஆம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நீட்ட வேண்டும். ஆரம்பத்தில் எட்டாது. எட்டாதவர்கள் 3-ஆம் கம்பியில் இருக்கும் மோதிர விரலை எடுத்து 6-ஆம் கம்பிக்குக் கொண்டுபோகலாம்: 3 × 2 0 1 0. உண்மையில் இது சி/ஜி, ஏ என்ற ஸ்வரமே இதில் இல்லை. ஆனால் இப்போதுதான் ஏ மைனர் கேட்ட காது, இறங்குகிற பேஸைப் பின்பற்றிக்கொண்டு இதையும் ஏற்றுக்கொள்ளும். இதனால் உங்களுக்கு சி/ஜி-யும் கைவந்துவிட்டது, ஷீட்டில் அது தனியாக வந்தாலும் இதே பிடிதான்.

இரண்டாவது, சி/ஈ. முன்னால் சொன்ன 6-ஆம் கம்பி ஓப்பன் ஈ-யை இங்கே போட்டால் இறக்கம் உடையும். ஆரம்ப நிலையில் நீங்கள் பிடிக்கும் சின்ன எஃப், × × 3 2 1 1, அதன் பேஸ் 4-ஆம் கம்பியில் இருக்கிறது. அங்கிருந்து 6-ஆம் கம்பிக்குப் போனால் பெரிய பள்ளத்தில் விழுந்த மாதிரி கேட்கும். அதற்குப் பதில் சி-யைப் பிடித்து 4-ஆம் கம்பியிலிருந்து அடியுங்கள்: × × 2 0 1 0. அதன் அடியில் இருப்பதும் ஈ தான். அடுத்து டி மைனர் × × 0 2 3 1. இப்போது 4-ஆம் கம்பியிலேயே 3, 2, 0 என்று எஃப், ஈ, டி வரிசையாக இறங்கிவிட்டது. ஏ மைனர்/ஜி-யிலிருந்து எஃப் வரும்போது மட்டும் பேஸ் ஒருமுறை மேலே தாவும். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும் முழு ‘பேர் கார்டு’ எஃப் பிடிக்க வந்ததும் அந்தத் தாவலையும் தவிர்க்கலாம். அப்போது எஃப் 6-ஆம் கம்பி முதல் ஃப்ரெட், அடுத்த ஈ 6-ஆம் கம்பி ஓப்பன். ஆனால் அதற்குக் கீழே கிட்டாரில் கம்பி கிடையாது, டி-க்கு மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

பேஸ் ஸ்வரம் கார்டுக்குள் இல்லாத ஸ்லாஷ் கார்டுகளும் உண்டு. எஃப்/ஜி, அதாவது 3 × 3 2 1 1, சி-க்குத் திரும்பும் முன்னால் ஒரு ஏக்கத்தோடு தொங்கி நிற்கும். கீபோர்டு வாசிப்பவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். இன்னொரு வகையில் பேஸ் நகரவே நகராது. டி × × 0 2 3 2, ஜி/டி × × 0 0 0 3, ஏ/டி × × 0 2 2 0, மறுபடி டி. அடியில் ஓப்பன் டி தம்பூரா மாதிரி நின்றுகொண்டே இருக்க, மேலே கார்டு மட்டும் மாறும். பிடிக்கவும் சுலபம், ஒரு பாட்டின் தொடக்கத்துக்கு இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஏ/சி ஷார்ப் (× 4 2 2 2 0), ஈ/ஜி ஷார்ப் (4 × 2 1 0 0) இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முந்தையதில் ஆள்காட்டி விரல் மூன்று கம்பிகளை ஒன்றாக அழுத்த, சுண்டு விரல் நான்காம் ஃப்ரெட்டுக்கு நீள வேண்டும். பேர் கார்டு பழகியவர்களுக்குத் தானாக வரும்.

எப்போது விட்டுவிடலாம்

பேஸ் கிட்டார் வாசிப்பவர் கூட இருந்தால் அந்த எஃப் ஷார்ப் அவருடைய பொறுப்பு. நீங்கள் சாதாரண டி வாசியுங்கள், கேட்பவர் காதில் டி/எஃப் ஷார்ப் தானாக விழும். கீபோர்டின் இடது கையும் அப்படித்தான். நீங்களும் சேர்ந்து அடியில் அழுத்தினால் சத்தம் மந்தமாகிவிடும். ஆனால் ஒன்று, அவர் அதை வாசிக்கிறாரா என்று ஒத்திகையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஷீட்டில் டி என்று மட்டும் இருந்து, நீங்கள் எஃப் ஷார்ப் வாசித்தால் இறக்கம் இரண்டாகப் பிளந்து கேட்கும். தனியாக வாசித்துப் பாடுகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை, ஏனென்றால் பேஸ் கொடுக்க வேறு ஆள் கிடையாது.

பாட்டு நடுவில் விரல் போய்ச் சேரவில்லை என்றால் இடப்பக்க எழுத்தை மட்டும் வாசித்துக் கடந்துபோங்கள். ஜி/பி-க்கு ஜி. யாருக்கும் தெரியாது. வலப்பக்க எழுத்தைக் கார்டாக நினைத்து பி மேஜர் அடித்தால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஷீட்டில் உள்ள எல்லாக் கோடும் ஸ்லாஷ் கார்டு அல்ல. ‘ஜி / / /’ என்று இடைவெளி விட்டு வெறும் கோடுகள் இருந்தால், அதே ஜி-யை இன்னும் மூன்று தட்டு வாசி என்று பொருள். ‘சி 6/9’ என்று இருந்தால் அதுவும் பேஸ் விஷயம் இல்லை, அந்த எண்கள் கார்டில் சேரும் கூடுதல் ஸ்வரங்கள்.

ஸ்கேல் மாற்றும்போது கோட்டின் இரு பக்கத்தையும் மாற்ற வேண்டும். பாடுகிறவர் ஜி-யிலிருந்து ஏ-க்கு ஏற்றச் சொன்னால் டி/எஃப் ஷார்ப் என்பது ஈ/ஜி ஷார்ப் ஆகிவிடும். அந்த நேரத்தில் கஷ்டமான பிடியோடு மல்லுக்கட்டாமல் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, பழைய டி/எஃப் ஷார்ப்பையே பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் கீபோர்டுக்காரருக்கு மட்டும் ஈ/ஜி ஷார்ப் என்று சொல்லுங்கள். நீங்கள் பிடிக்கும் கார்டின் பெயரைச் சொன்னால் அவர் டி வாசித்துக்கொண்டிருப்பார்.